களைத்துப்போகும் மருத்துவர், காத்திருக்கும் ஊர்

மருத்துவர் நாள் சிறப்புக் கட்டுரை

ஆண்டுதோறும் ஜூலை 1 அன்று நம் நாட்டில் மருத்துவர் நாள் கொண்டாடப்படுகிறது. மருத்துவராகவும் மேற்கு வங்க முதலமைச்சராகவும் விளங்கிய பி.சி. ராய் பிறந்ததும் (1882) மறைந்ததும் (1962) அதே நாளில்தான். அன்று நோயாளிகளும் குடும்பத்தினரும் சொல்லும் வாழ்த்துகள் எங்கள் மருத்துவர்களுக்கு மகிழ்ச்சி தருபவை. இம்முறை நன்றி கூறுவதோடு நின்றுவிடாமல், நீங்கள் எங்களிடம் அடிக்கடி கேட்கும் இரண்டு கேள்விகளுக்கு விடை கூற விரும்புகிறோம்.

முதல் கேள்வி: “டாக்டர் ஏன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் மருந்து எழுதிவிட்டார்?” இரண்டாவது, மலையூர்களிலிருந்தும் தொலைவுக் கிராமங்களிலிருந்தும் வருவோர் கேட்பது: “எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் மாற்றலாகிப் போய்விட்டார். அடுத்தவர் எப்போது வருவார்?”

முதல் கேள்வி ஒருவரின் நடத்தையைப் பற்றியது போலவும், இரண்டாவது நிர்வாகத்தைப் பற்றியது போலவும் தோன்றும். ஆனால் இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவை. மருத்துவர் குறைவாக உள்ள இடத்தில், இருப்பவர்மீது சுமை கூடுகிறது. சுமை அவரைத் தேய்க்கிறது. தேய்ந்தவர் ஒருநாள் விலகுகிறார். அவர் விலகியதும் எஞ்சியவரின் சுமை இன்னும் ஏறுகிறது. இந்தச் சுழலின் முடிவில் இழப்பு நோயாளிக்கே வந்து சேர்கிறது. ஆகவே மருத்துவரின் நலத்தைப் பற்றி நோயாளிகளும் உடனிருந்து கவனிப்போரும் அறிந்திருப்பது தேவை என்று கருதுகிறோம்.

களைப்பு வேறு, பணிச்சோர்வு வேறு

உழைத்தால் களைப்பு வரும், உறங்கினால் நீங்கும். நாற்று நட்டுத் திரும்பும் பெண்ணுக்கும், இரவு முழுவதும் பேருந்து ஓட்டியவருக்கும், பிரசவம் பார்த்த மருத்துவருக்கும் இது பொது. பணிச்சோர்வு அப்படிப்பட்டதன்று. விடுப்பு எடுத்து வீட்டில் இருந்தாலும் அது நீங்குவதில்லை. திரும்பப் பணிக்குச் செல்ல வேண்டுமே என்ற எண்ணமே நெஞ்சை அழுத்தும்.

‘பர்ன் அவுட்’ என்று மருத்துவ உலகம் அழைக்கும் இந்நிலையை 1974ஆம் ஆண்டு முதன்முதலில் விரிவாக எழுதியவர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் என்னும் உளவியலாளர். நியூயார்க் நகரில் ஏழைகளுக்கான இலவச மருத்துவ நிலையத்தில் தொண்டாற்றியபோது, பெரும் ஆர்வத்தோடு வந்த உடன்பணியாளர்கள் சில மாதங்களில் சுடர் அவிந்தவர்களாய் மாறுவதை அவர் கண்டார். முதலில் சோர்ந்தவர்கள் அக்கறை இல்லாதவர்கள் அல்லர், அக்கறை மிகுந்தவர்களே. இந்தச் செய்தியை நாம் நினைவில் வைக்க வேண்டும்.

உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்ட நோய்ப் பகுப்புப் பட்டியலில் பணிச்சோர்வு இடம்பெற்றுள்ளது. அதை ஒரு நோயாக அந்நிறுவனம் குறிக்கவில்லை. வேலையிடத்தின் நெடுநாள் அழுத்தம் முறையாகக் கையாளப்படாததால் நேரும் விளைவு என்றே குறிக்கிறது. அதற்கு மூன்று அடையாளங்கள் கூறப்பட்டுள்ளன.

முதலாவது, உடலும் மனமும் வற்றிப்போதல். காலையில் எழும்போதே அன்றைய நாள் முடிந்துவிட்டதுபோன்ற அயர்ச்சி.

இரண்டாவது, வேலையிலிருந்து மனம் விலகிப்போதல். நோயாளியின் பெயர் மறைந்து படுக்கை எண் மட்டும் நினைவில் நிற்கும். கேட்கும் கேள்வி குறையும், எரிச்சல் கூடும். நீங்கள் “நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை” என்று சொல்வது பல நேரங்களில் இதைத்தான்.

மூன்றாவது, தன் பணியால் பயன் விளைகிறது என்னும் நம்பிக்கை தளர்தல். “எத்தனை பேரைப் பார்த்தாலும் வரிசை குறையவில்லையே” என்னும் எண்ணம் நிலைத்துவிடும்.

இவை ஒருவரின் மனவலிமைக் குறைவால் வருபவை அல்ல. ஆயினும் பணிச்சோர்வு நீடித்தால் மனச்சோர்வு நோயாக முற்றக்கூடும். அதற்குச் சிகிச்சை கட்டாயம் தேவை. மருத்துவராய் இருப்பது அந்நோயிலிருந்து காப்பதில்லை. ‘நான் மருத்துவன், நான் எப்படி உதவி கேட்பது’ என்னும் தயக்கம் அவர்களைச் சிகிச்சையிலிருந்து தள்ளிவைப்பதும் உண்டு.

தேவை மிகுந்த இடத்தில் மருத்துவர் குறைவு

பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் கிளின்கோரக் என்னும் சுரங்கத் தொழிலாளர் சிற்றூரில் பணியாற்றிய மருத்துவர் ஜூலியன் டியூடர் ஹார்ட், 1971இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். நல்ல மருத்துவம் எந்த மக்களுக்கு மிகுதியாகத் தேவைப்படுகிறதோ, அவர்களுக்கே அது குறைவாகக் கிடைக்கிறது என்பது அதன் சாரம். ‘தலைகீழ்ப் பராமரிப்பு விதி’ என்று அதற்கு அவர் பெயரிட்டார். அரை நூற்றாண்டு கடந்தும் அந்த விதி நம் நாட்டின் வரைபடத்தில் தெளிவாகத் தெரிகிறது.

நம் நாட்டின் அளவுகோலின்படி, சமவெளியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையமும், மலை மற்றும் பழங்குடிப் பகுதிகளில் 20,000 பேருக்கு ஒன்றும் இருக்க வேண்டும். அவற்றுக்கு மேல்நிலையில் உள்ள சமுதாய சுகாதார நிலையங்களில் அறுவை, பொது மருத்துவம், மகப்பேறு, குழந்தை நலம் ஆகியவற்றுக்குச் சிறப்பு மருத்துவர்கள் இருக்க வேண்டும். ஒன்றிய அரசின் ஊரகச் சுகாதாரப் புள்ளிவிவரம் 2021–22 பதிப்பின்படி, நாடு முழுவதும் ஊரகச் சமுதாய சுகாதார நிலையங்களில் தேவைப்படும் சிறப்பு மருத்துவர்களில் ஏறக்குறைய 80 விழுக்காட்டினர் இல்லை. ஐந்து நாற்காலிகளில் நான்கு காலியாக உள்ளன என்று பொருள்.

தமிழ்நாடு பல மாநிலங்களைவிட நல்ல நிலையில் உள்ளது. மருத்துவக் கல்லூரிகளும் ஆரம்ப சுகாதார நிலையங்களும் இங்கு மிகுதி. ஆயினும் சென்னையிலோ கோவையிலோ ஒரு தெருவில் காணும் மருத்துவர்களின் எண்ணிக்கையை, கல்வராயன் மலையிலோ சவ்வாது மலையிலோ ஓர் ஊராட்சி முழுவதிலும் காண முடியாது.

அப்படிப்பட்ட ஓரிடத்தில் ஒரே மருத்துவர் இருக்கும் நிலையத்தை எண்ணிப்பாருங்கள். காலை 8 மணி முதல் 12 மணி வரை வெளிநோயாளர் நேரம். வரிசையில் 100 பேர். 240 நிமிடங்களை 100 பேருக்குப் பகிர்ந்தால் ஒருவருக்கு 2 நிமிடம் 24 நொடி. இடையில் பாம்புக்கடியுடன் ஒருவர் தூக்கிவரப்பட்டால் ஒரு மணி நேரம் அவருக்கே போய்விடும். எஞ்சிய 180 நிமிடங்களில் மற்றவர்களுக்கு ஆளுக்கு 2 நிமிடம்கூடத் தேறாது. பிற்பகலில் பள்ளி மாணவர் பரிசோதனையோ தடுப்பூசி முகாமோ இருக்கும். மாலையில் பதிவேடுகளும் இணையப் பதிவுகளும் அறிக்கைகளும் காத்திருக்கும். இரவில் பிரசவ வலியோடு ஒரு பெண் வருவார். மறுநாள் காலை 8 மணிக்கு வரிசை மீண்டும் நிற்கும்.

மூன்று பேர் பகிர வேண்டிய பணியை ஒருவர் செய்யும்போது, எத்தகைய பண்பாளரும் எரிச்சலடைவார். அவருடைய பிள்ளைக்கு அருகில் நல்ல பள்ளி இல்லை, குடியிருப்பில் தண்ணீர் இல்லை, கடினமான நோய் ஒன்றைப் பற்றிக் கலந்து பேச மூத்த மருத்துவர் ஒருவரும் இல்லை என்றால், அவர் மாற்றல் விண்ணப்பம் எழுதுவதில் வியப்பில்லை.

நோயாளிக்கு நேரும் இழப்பு

67 நாடுகளில் முதல்நிலை மருத்துவரின் ஆலோசனை நேரத்தைத் தொகுத்த ஓர் ஆய்வு 2017இல் வெளியானது. சுவீடனில் ஒரு நோயாளிக்குச் சராசரியாக 22.5 நிமிடம் கிடைத்தது. வங்கதேசத்தில் 48 நொடி. இந்தியாவில் சுமார் 2 நிமிடம். இரண்டு நிமிடத்தில் காய்ச்சலுக்கு மருந்து எழுதலாம். சர்க்கரை நோயாளியின் கால் புண்ணைக் காலணியைக் கழற்றச் சொல்லிப் பார்ப்பதற்கும், ‘நெஞ்சு படபடக்கிறது’ என்று சொல்லும் பெண்ணிடம் வீட்டில் என்ன நடக்கிறது என்று கேட்பதற்கும் அந்த நேரம் போதாது.

2018இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 40,000க்கும் மேற்பட்ட மருத்துவர்களைப் பற்றிய 47 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. பணிச்சோர்வு உள்ள மருத்துவர்களிடம் நோயாளிகளின் பாதுகாப்புக்குக் குறைவு நேரும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்காக இருந்தது. நோயாளிகளின் மனநிறைவும் குறைந்தே காணப்பட்டது.

ஒரே மருத்துவரைத் தொடர்ந்து பார்ப்பதன் பயனையும் அதே ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வு ஆராய்ந்தது. பல நாடுகளிலிருந்து எடுக்கப்பட்ட 22 ஆய்வுகளில் 18 ஆய்வுகள், மருத்துவர் மாறாமல் இருப்பதற்கும் இறப்பு விகிதம் குறைவதற்கும் தொடர்பு இருப்பதைக் காட்டின. நம்மை அறிந்த மருத்துவர், ‘சென்ற மாதத்தைவிட மெலிந்துவிட்டீர்களே’ என்று கண்டுபிடிப்பார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறும் மருத்துவருக்கு அந்த ஒப்பீடு கிடைப்பதில்லை. ஆகவே ஒரு மருத்துவர் ஓர் ஊரில் நிலைத்திருப்பதே ஒருவகை மருந்தாகும்.

நிலைத்து நின்றவர்கள் சொல்லும் பாடம்

இந்தச் சுழலை உடைக்க முடியாதா? முடியும் என்பதற்கு நம் அருகிலேயே சான்றுகள் உள்ளன.

தருமபுரி மாவட்டத்தில் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு இடையே சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கு உள்ளது. மருத்துவத் தம்பதியரான ரெஜி ஜார்ஜ், லலிதா ரெஜி ஆகியோர் 1993இல் அங்கு வந்தபோது, அருகிலிருந்த மருத்துவமனையே ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. பிறக்கும் 1000 குழந்தைகளில் 147 பேர் முதல் பிறந்தநாளைக் காணவில்லை. ஒரு குடிசையில் அவர்கள் சிகிச்சையைத் தொடங்கினார்கள். அந்தக் குடிசை பின்னர் மருத்துவமனையாக வளர்ந்தது; குழந்தை இறப்பு விகிதம் இருபதுகளின் அளவுக்கு இறங்கியது.

அவர்கள் செய்த முதன்மையான செயல், எல்லாப் பணியையும் தம் இருவர் தோளிலேயே வைத்துக்கொள்ளாமல் இருந்தது. பள்ளத்தாக்கின் பழங்குடிப் பெண்களையே தேர்ந்தெடுத்து, ஆண்டுக்கணக்கில் பயிற்சி அளித்து, செவிலியராகவும் ஊர் நலப்பணியாளராகவும் ஆக்கினார்கள். இரவில் வரும் பிரசவத்தை முதலில் பார்ப்பவர் அந்தப் பெண்களுள் ஒருவர். எப்போது மருத்துவரை எழுப்ப வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். மருத்துவர் உறங்க முடிகிறது. ஆகவே மறுநாளும் அவர் மருத்துவராக இருக்க முடிகிறது.

நீலகிரி மாவட்டம் கூடலூரில் 1990இல் தோன்றிய ஆதிவாசி மருத்துவமனையின் கதையும் இதைப் போன்றதே. அறுவை மருத்துவர் நந்தகுமார் மேனனும் மகப்பேறு மருத்துவர் ஷைலா தேவியும் அங்கு நெடுங்காலம் பணியாற்றினார்கள். பணியர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், காட்டுநாயக்கர் சமூகங்களின் பெண்கள் அங்குச் செவிலியராகப் பயிற்சி பெற்றனர். நோயாளியின் மொழியையும் அச்சத்தையும் அறிந்த ஒருவர் பக்கத்தில் நிற்பதால் மருத்துவரின் பாதி வேலை குறைகிறது.

கிளின்கோரக்கின் டியூடர் ஹார்ட்டிடமும் இதே பாடம் உண்டு. ஏறத்தாழ முப்பதாண்டுகள் அச்சிற்றூரிலேயே வாழ்ந்த அவர், வயது வந்தோர் அனைவரின் இரத்த அழுத்தத்தையும் அளந்து தொடர்ந்து கவனித்தார். அவருக்கு உதவச் செவிலியரும் பணியாளர்களும் இருந்தனர். இருபத்தைந்து ஆண்டுகளின் முடிவில், 65 வயதுக்கு முன் நேரும் இறப்பு அருகிலுள்ள ஒத்த சிற்றூரைவிட அங்கு நான்கில் ஒரு பங்குக்கும் மேல் குறைவாக இருந்தது.

இவர்களைத் தியாகிகள் என்று போற்றிவிட்டு நகர்ந்துவிடுவது எளிது. எல்லா மருத்துவர்களிடமும் அத்தகைய தியாகத்தை எதிர்பார்த்து ஒரு நாட்டின் மருத்துவத்தை நடத்த முடியாது. அவர்களை நிலைத்து நிற்கச் செய்த நான்கு காரணங்களை நாம் கற்றுக்கொள்ளலாம்: பகிர்ந்துகொள்ள ஒரு குழு இருந்தது, பணியின் பயன் கண்ணெதிரே தெரிந்தது, ஊர் அவர்களைத் தன்னவராக ஏற்றது, எப்படிப் பணியாற்றுவது என்பதைத் தாமே தீர்மானிக்கும் உரிமை இருந்தது.

அரசும் மருத்துவமனையும் செய்ய வேண்டியவை

பணிச்சோர்வைக் குறைக்கும் வழிகளை ஒப்பிட்ட ஆய்வுகள் ஒன்றைத் தெளிவாகக் காட்டுகின்றன. மருத்துவர்களுக்குத் தியானமும் யோகாவும் கற்பிப்பதால் ஓரளவு பயன் உண்டு. பணிநேரம், பணிப்பங்கீடு, பணிமுறை ஆகியவற்றை நிறுவனம் மாற்றும்போது விளையும் பயன் அதைவிட மிகுதி. பானையில் ஓட்டை இருக்கும்போது நீர் இறைப்பவரின் கைவலிமையைக் கூட்டுவதால் பானை நிறையாது.

பணிநேரத்தையே எடுத்துக்கொள்வோம். பட்டமேற்படிப்பு மருத்துவர்களின் தொடர்பணி நாளுக்கு 12 மணி நேரத்தையும் வாரத்துக்கு 48 மணி நேரத்தையும் பொதுவாகத் தாண்டலாகாது என்று ஒன்றிய அரசு 1992இலேயே நெறி வகுத்தது. 32 ஆண்டுகள் கழித்து, 2024இல் தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த பணிக்குழு, வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மிகக்கூடாது என்றும் வாரம் ஒருநாள் ஓய்வு வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. 48 என்று தொடங்கியது 74 ஆகியிருப்பதே நடைமுறையின் நிலையைச் சொல்கிறது.

மருத்துவரை ஊரகத்தில் நிலைநிறுத்தும் வழிகளையும் உலகச் சுகாதார நிறுவனம் 2010இல் வெளியிட்டு, 2021இல் புதுப்பித்தது. ஊரகத்தில் பிறந்து வளர்ந்த மாணவர்களை மருத்துவக் கல்விக்குச் சேர்த்தல், பாதுகாப்பான குடியிருப்பு, குடும்பத்துக்கான வசதிகள், மேல்நிலை மருத்துவர்களின் தொடர்ந்த ஆதரவு, பணி உயர்வுக்கான வழி ஆகியவை அவற்றுள் சில.

தமிழ்நாட்டில் இவற்றுக்கு முன்மாதிரிகள் உண்டு. அரசுப் பணியிலுள்ள மருத்துவர்களுக்கு முதுநிலைப் படிப்பில் இடங்களை ஒதுக்கும் வழக்கம் இங்கு நெடுநாளாக இருந்தது. அதைச் செய்யும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டு என்று உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2020 ஆகஸ்ட் 31 அன்று தீர்ப்பளித்தது. ஊரகத்தில் பணியாற்றுவது தம் எதிர்காலத்தை அடைத்துவிடாது என்று இளம் மருத்துவர் நம்புவதற்கு இது ஒரு காரணம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்குமான மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுசேர்க்கிறது. மாத்திரைக்காக மட்டும் வரிசையில் நின்றவர் வீட்டிலேயே அதைப் பெறும்போது, புதிய நோயோடு வந்தவருக்கு மருத்துவரின் நேரம் கிடைக்கிறது.

மருத்துவர்களின் உறுதிமொழியும் காலத்துக்கேற்ப மாறியுள்ளது. உலக மருத்துவச் சங்கத்தின் ஜெனீவா உறுதிமொழியில், சிறந்த மருத்துவம் அளிப்பதற்காகத் தம் நலத்தையும் பேணுவதாக மருத்துவர் உறுதி கூறும் வாசகம் 2017இல் சேர்க்கப்பட்டது. தன்னைப் பேணுவது தன்னலம் ஆகாது. அதுவும் கடமையே என்று உலக மருத்துவர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

அச்சமும் ஒரு சுமை

2024 நவம்பரில் சென்னை கிண்டியில் உள்ள அரசு மருத்துவமனையில், புற்றுநோய் மருத்துவர் ஒருவரை நோயாளியின் மகன் கத்தியால் குத்திய செய்தி நம் அனைவரையும் உலுக்கியது. தாயின் நோயைக் கண்டு தவிக்கும் மகனின் வேதனை எங்களுக்குத் தெரியாததன்று. அந்த வேதனையைக் கேட்பதற்கு ஒவ்வொரு மருத்துவமனையிலும் ஆள் இருக்க வேண்டும். ஆனால் ஒரு மருத்துவர் தாக்கப்பட்டால், மறுநாள் நூறு மருத்துவர்கள் கடினமான நோயாளியை ஏற்கத் தயங்குவார்கள். ‘பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்’ என்பதே பாதுகாப்பான விடையாகிவிடும். மலையூரில் அந்த விடை உயிரைப் பறிக்கக்கூடும்.

மருத்துவப் பணியாளரைத் தாக்குவோருக்கு 3 ஆண்டு முதல் 10 ஆண்டு வரை சிறை விதிக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 2008 முதல் உள்ளது. சட்டத்தைவிட முன்னதாக வேலை செய்வது விளக்கமே. நோயின் நிலையை மருத்துவர் குடும்பத்தினருக்கு நேரத்தோடு சொல்லியிருந்தால் பல சினங்கள் பிறக்கவே மாட்டா. அதைச் சொல்வதற்கு நேரம் வேண்டும். நேரத்துக்கு ஆள் வேண்டும்.

நீங்கள் செய்யக்கூடியவை

மருத்துவர் பற்றாக்குறையைத் தீர்க்கும் பொறுப்பு நோயாளியுடையது அன்று. ஆயினும் கிடைக்கும் சில நிமிடங்களை முழுமையாகப் பயன்படுத்திக்கொள்ள உங்களால் முடியும். அது உங்களுக்கும் நன்று, மருத்துவருக்கும் நன்று.

1. பெரிய தொல்லையை முதலில் சொல்லுங்கள். எழுந்து கதவருகே சென்ற பிறகு, “இன்னொன்று டாக்டர், நேற்று மார்பு வலித்தது” என்று சொல்வோர் பலர். மார்பு வலியே முதலில் வரவேண்டியது. வீட்டிலேயே மூன்று வரிகளில் எழுதி வாருங்கள்.

2. உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும் அட்டையோடு ஒரு பையில் போட்டுக் கொண்டு வாருங்கள். சித்த, ஆயுர்வேத மருந்துகளும் கடையில் நீங்களாக வாங்கிய வலி மாத்திரைகளும் அதில் அடங்கும். “வெள்ளை மாத்திரை, காலையில் ஒன்று” என்பதைக் கொண்டு எந்த மருத்துவராலும் கண்டுபிடிக்க இயலாது.

3. பழைய சீட்டுகள், பரிசோதனை முடிவுகள், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும்போது தரப்பட்ட சுருக்கம் ஆகியவற்றை ஒரே கோப்பில் தேதி வாரியாக வையுங்கள்.

4. உள்நோயாளியாக ஒருவர் இருந்தால், குடும்பத்தின் சார்பில் மருத்துவரிடம் பேச ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். அண்ணன், மாமா, சித்தப்பா என்று ஐவர் தனித்தனியே கேட்டால் ஐந்து விடைகள் வீடு சேரும், குழப்பமே மிஞ்சும்.

5. புரிந்துகொண்டதைத் திருப்பிச் சொல்லுங்கள். “இந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன், இது இரவில் மட்டும், பத்து நாள் கழித்து வரவேண்டும், சரிதானே டாக்டர்?” என்று கேட்க அரை நிமிடம் போதும்.

6. கூடுமானவரை அதே மருத்துவரிடம் தொடருங்கள். அவர் எந்தக் கிழமைகளில் வெளிநோயாளர் பிரிவில் இருப்பார் என்பதைச் சீட்டு வழங்குமிடத்தில் கேட்டு அறியுங்கள்.

7. தொடர் மாத்திரை, இரத்த அழுத்தம் பார்த்தல், கட்டு மாற்றுதல் போன்றவற்றுக்கு அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தையும் கிராம சுகாதாரச் செவிலியரையும் நாடலாம். அவர்கள் மருத்துவரைவிடக் குறைந்தவர்கள் என்று எண்ணாதீர்கள்.

8. அவசரத்தில் மட்டும் தயங்கவே வேண்டாம். மார்பு வலி, மூச்சுத் திணறல், முகம் கோணுதல், கை கால் செயலிழத்தல், பாம்புக்கடி, கருவுற்ற பெண்ணுக்கு இரத்தப்போக்கு அல்லது வலிப்பு ஆகியவை எந்நேரமும் உடனே வரவேண்டியவை. 108ஐ அழையுங்கள். “நடுராத்திரியில் டாக்டரைத் தொந்தரவு செய்வதா” என்று காத்திருக்காதீர்கள். அதற்காகவே இரவுப் பணி உள்ளது.

கேள்வி கேட்பதை நிறுத்திவிடாதீர்கள்

மருத்துவர் களைத்திருக்கிறார் என்பதற்காக நீங்கள் வாய்மூடி இருக்க வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. அதற்கு மாறாக, களைத்தவரின் கண்ணுக்குத் தப்பியது உங்கள் கேள்வியால் அகப்படக்கூடும். “சென்ற முறை இந்த மருந்துக்கு உடம்பெல்லாம் தடித்தது”, “இந்த மாத்திரை முன்பு தந்ததைப் போல் இல்லையே” என்று சொல்வது எதிர்த்துப் பேசுவதாகாது. அது பாதுகாப்புக்கு உதவும் செயல். மருந்து கொடுக்கும் செவிலியரிடமும் பெயரையும் மருந்தையும் சரிபார்க்கச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

எவரேனும் உங்களிடம் கடுமையாக நடந்துகொண்டால், அதையும் சொல்லுங்கள். பணிச்சோர்வு ஒரு காரணமாக இருக்கலாம். அவமதிப்புக்கு அது அனுமதி ஆகாது. வரவேற்பிடத்திலோ மக்கள் தொடர்பு அலுவலரிடமோ எழுத்தில் தாருங்கள். ஒரே பிரிவிலிருந்து பல புகார்கள் வருவது, அங்கே ஆள் போதவில்லை என்பதற்கு முதல் அறிகுறியாக அமைவதுண்டு. அதே தாளில், நன்றாகக் கவனித்தவரின் பெயரையும் எழுதுங்கள். தம் பணியால் பயன் விளைந்தது என்று ஒருவர் அறிவது, நாம் மேலே கூறிய மூன்றாம் அடையாளத்துக்கு எளிய எதிர்மருந்து.

உங்கள் ஊர் நிலையத்தில் மருத்துவர் பணியிடம் காலியாக இருந்தால், அதைக் கிராம சபையில் எழுப்புங்கள். தீர்மானமாகப் பதியச் செய்யுங்கள். மருத்துவர் குடியிருப்புக்குத் தண்ணீர் உள்ளதா, இரவில் தெருவிளக்கு எரிகிறதா, செவிலியர் இரவில் அச்சமின்றி வந்துபோக முடிகிறதா என்பவற்றையும் கேளுங்கள். வந்த மருத்துவரைத் தக்கவைப்பதும் ஊரின் பணிதான். ஊர்ப் பள்ளியில் நன்கு படிக்கும் ஒரு மாணவி மருத்துவம் பயில விரும்பினால், அவளுக்கு வழிகாட்டுங்கள். தன் ஊருக்குத் திரும்பிவரும் வாய்ப்பு அவளுக்கே மிகுதி.

மருத்துவர் உள்ள வீடுகளுக்கு

இவ்விதழைப் படிப்போர் சிலரின் வீட்டிலும் ஒரு மகளோ மருமகனோ மருத்துவராகவோ, செவிலியராகவோ, பயிற்சி மாணவராகவோ இருக்கலாம். உறக்கம் குலைதல், பேச்சுக் குறைதல், எதிலும் நாட்டமின்மை, ‘இனி என்னால் முடியாது’ என்னும் சொல் ஆகியவற்றைக் கண்டால், ‘எல்லாரும் படுவதுதானே’ என்று தள்ளிவிடாதீர்கள். பக்கத்தில் அமர்ந்து கேளுங்கள். ஒன்றிய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. இருபத்துநான்கு மணி நேரமும் கட்டணமின்றித் தமிழிலும் பேசலாம். தமிழ்நாடு அரசின் 104 எண்ணிலும் ஆலோசனை பெறலாம். நோயாளிகளும், இரவு பகலாக அவர்களைக் கவனித்துச் சோர்ந்துபோன குடும்பத்தினரும் இதே எண்களை அழைக்கலாம். தேய்வு மருத்துவருக்கு மட்டும் உரியதன்று.

இம்மருத்துவர் நாளில் எங்கள் வேண்டுகோள் எளியது. மருத்துவரைத் தெய்வமாக்க வேண்டாம். தெய்வத்துக்குப் பசியும் உறக்கமும் இல்லை என்று நாம் நினைத்துவிடுகிறோம். அவரும் உங்களைப் போல ஒரு மனிதர் என்று கொண்டு, அவரிடம் தெளிவாகப் பேசுங்கள், துணிந்து கேளுங்கள். அவர் உங்கள் ஊரில் தொடர்ந்து இருப்பதற்கு வேண்டியவற்றை அரசிடமும் எங்களிடமும் உரிமையோடு கேளுங்கள். அடுத்த முறை வரும்போது, மருந்துப் பையையும் மூன்று வரிக் குறிப்பையும் மறவாமல் எடுத்துவாருங்கள்.